சங்கிலியின் மறுமுனை



கிரிப்டோ, ஒன்லைன் முதலீடு, 'அப்' வியாபாரம் பற்றியெல்லாம் ஏதாவது எழுதுங்கள் சேர் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எந்த நாணயம் ஏறும், எது இறங்கும் என்று எனக்குத் தெரியாது. ஹலாலா ஹராமா என்பதை உலமாக்கள் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது பழைய கதைகள். அதனால் ஒரே ஒரு கேள்வியின் வரலாற்றை எழுதுகிறேன்: முன்னால் நிற்கிற ஆள் யார் என்பதை நாம் எப்படித் தெரிந்துகொண்டோம்? பதிவு நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

கல்முனையிலிருந்தே தொடங்குவோம். 2004 டிசம்பர் 26. இலங்கையில் சுனாமியால் அதிகம் பேர் இறந்தது நமது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். அன்று இடிபாடுகளுக்கிடையில் உயிரோடு கிடைத்த ஒரு கைக்குழந்தையைக் கல்முனை வைத்தியசாலையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அன்றைய அனுமதிகளில் அது 81ஆவது. பெயர் தெரியாததால் '81ஆம் இலக்கக் குழந்தை' என்றே உலகம் அதை அறிந்தது. ஒன்பது தாய்மார் உரிமை கோருகிறார்கள் என்று சர்வதேசச் செய்திகளில் வந்தது. ஆனால் சட்டப்படி கோரிக்கை வைத்தது ஒரேயொரு தம்பதிதான். மற்ற எட்டுப் பேர் செய்திகளில்தான் வாழ்ந்தார்கள்.

அந்தத் தம்பதி ஒருவரே கோரினாலும், வைத்தியசாலை பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. விடயம் கல்முனை நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது. பெற்ற வயிறு எப்படித் துடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெப்ரவரி 14ஆம் திகதி முடிவு வந்தது, அவர்கள்தான் பெற்றோர். 16ஆம் திகதி பிள்ளை தாயின் கைக்குப் போனது. ஏழு வாரத்துக்கும் மேல். அன்று பலர் அதைக் கல்நெஞ்சம் என்றார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கொடுத்த பிறகு திருப்பி எடுக்க முடியாத ஒன்றைக் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அந்த நீதிமன்றம் கேட்டது.

அதே வாரங்களில் இந்தக் கரை முழுக்க வேறொரு அடையாளச் சோதனையும் நடந்தது. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், காணி உறுதி எல்லாம் கடலோடு போய்விட்டன. கிராம சேவகரும் பள்ளிவாசல் நிருவாகமும் அயலவர்களும் "ஓம், இவர் இன்னாரின் மகன், இந்த ஒழுங்கையில் இருந்தவர்" என்று சொன்னதுதான் பலருக்கு முதல் அத்தாட்சி. கடுதாசி போனாலும் ஊருக்கு ஞாபகம் இருந்தது.

அந்த ஞாபகம் நமக்குப் பழையது. மட்டக்களப்பு, அம்பாறை முஸ்லிம்களிடம் குடி முறை இருந்ததை இன்றைய பிள்ளைகள் பாதி மறந்துவிட்டார்கள். தாய் வழியாக வரும் குடி. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்காயர். கல்யாணப் பேச்சென்றால் முதல் கேள்வி "என்ன குடி?" அடுத்தது "உம்மம்மா யார்?" இரண்டு கேள்வியில் ஆள் பிடிபட்டுவிடுவார். பிடிபடுவது என்ற சொல்லைக் கவனியுங்கள். பெயரைத் தெரிந்துகொள்வது மட்டுமல்ல. நாளை பிரச்சினை வந்தால் யாரைக் கூப்பிட்டுப் பேசுவது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். பஸாரில் கடைக்காரர் கொப்பியில் கடன் எழுதியதும், போடியார் அறுவடை வரைக்கும் நெல்லுக்குக் காசு கொடுத்ததும் இந்தப் பிடியை நம்பித்தான். மனிதர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்ற எண்ணத்தில் அல்ல. அந்தக் காலத்து மனிதரை நாம் ரொம்பவும் வெள்ளந்தி ஆக்கிவிடுகிறோம். அவர்கள் நம்மைவிடச் சந்தேகக்காரர்கள்.

1977க்குப் பிறகு வளைகுடா திறந்தது. வாப்பாமார் சவூதிக்கும் கட்டாருக்கும் போனார்கள், உம்மாமாரும் வீட்டு வேலைக்குப் போனார்கள். காசு எப்படி வந்தது? வங்கியால் வந்தது பாதி, உண்டியலால் வந்தது பாதி என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டீர்கள். உண்டியல் சட்டப்படி சரி என்று சொல்ல வரவில்லை. அது வேலை செய்த விதத்தைப் பாருங்கள். அங்கே ஒருவர் ரியாலைக் கொடுப்பார். இங்கே ஒருவர் அன்று மஃரிபுக்குள் ரூபாவை வீட்டு வாசலில் தருவார். காசு கடல் கடக்கவே இல்லை. இரண்டு பக்க முகவர்களும் தங்களுக்குள் பிறகு கணக்கு முடிப்பார்கள், சில வேளை சாமானாலேயே. கையொப்பம் இல்லை, சில இடங்களில் ஒரு நோட்டின் இலக்கம்தான் அடையாளச் சொல். ஏமாற்றினால்? ஒரு தடவை ஏமாற்றலாம். அதற்குப் பிறகு அந்த முகவரின் பெயர் டோஹாவிலும் செல்லாது, சாய்ந்தமருதிலும் செல்லாது.

இதுவும் நாம் கண்டுபிடித்ததல்ல. ஹவாலாவும் சுஃப்தஜா என்ற மாற்றுச் சீட்டும் ஆயிரம் வருடப் பழக்கம். எகிப்தின் பழைய கெய்ரோவில் ஒரு யூத ஆலயத்தின் களஞ்சிய அறையில் வணிகர்களின் கடிதங்கள் குவியலாகக் கிடைத்தன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவற்றில் பெரும் பகுதி கேம்பிரிட்ஜுக்குப் போனது. ஏடனுக்கும் இந்தியக் கரைக்கும் இடையில் வியாபாரம் செய்தவர்களின் 11ஆம், 12ஆம் நூற்றாண்டுக் கடிதங்கள் அதில் இருக்கின்றன. மிளகின் விலைக்கு அடுத்தபடியாக அவற்றில் அதிகம் வருவது ஆட்களைப் பற்றிய பேச்சு. இன்னார் கணக்கு அனுப்பவில்லை, இன்னார் சரக்கைப் பிந்தி விற்றார், இன்னாரிடம் கொடுக்கலாம் என்று. முகம் காணாத தூரத்தில் வியாபாரம் செய்தவர்களுக்கு ஆளைப் பற்றிய செய்தியும் ஒரு சரக்குத்தான்.

ஆனால் முகம் காணாதவரைச் சோதிக்கும் கலையை யாரையும் விட நுணுக்கமாகச் செய்தவர்கள் ஹதீஸ் கலை அறிஞர்கள். இந்தப் பதிவின் நடு நரம்பு இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். முஸ்லிம்களிடையே முதல் பித்னாக்கள் எழுந்த பிறகு, யாராவது ஒரு செய்தியைச் சொன்னால் "யாரிடம் கேட்டீர்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர் யாரிடம் கேட்டார்? அவருக்கு மேலே யார்? இப்படி நபி (ஸல்) அவர்கள் வரைக்கும் போகும் ஆட்களின் வரிசைதான் இஸ்னாத். ஒரு சங்கிலி. ஹிஜ்ரி 256இல் வபாத்தான இமாம் புகாரி போன்றவர்கள் செய்தியைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன் அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு வளையத்தையும் தட்டிப் பார்த்தார்கள்.

தட்டிப் பார்த்தது எப்படி? இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா, சந்தித்தார்களா, எந்த ஊரில்? நடுவில் ஒரு வளையம் இல்லையென்றால் முன்கதிஃ, அறுந்தது. ஒருவர் யாரென்றே தெரியாவிட்டால் மஜ்ஹூல், அவர் சொல்வது நல்ல செய்தியாக இருந்தாலும் ஏற்க மாட்டார்கள். தான் நேரில் கேட்காததை நேரில் கேட்டது போலச் சொன்னால், அல்லது மேலே உள்ள பலவீனமான ஆளை மறைத்துச் சொன்னால் தத்லீஸ். ஆளைத் தெரிந்த பிறகும் இரண்டு சோதனை: நேர்மையானவரா, ஞாபகத்திலும் கணக்கிலும் துல்லியமானவரா? இரண்டும் வேறு வேறு. மிக நல்ல மனிதர், ஆனால் குழப்பிவிடுவார் என்று எத்தனையோ பேரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். இமாம் தஹபியின் 'மீஸானுல் இஃதிதால்' முழுக்க இப்படி விமர்சிக்கப்பட்ட ஆட்களின் பட்டியல்தான். (அதே நூலில், பெண் அறிவிப்பாளர்களில் பொய் சொன்னதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவரையும் தான் அறியவில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். சகோதரிகள் கவனத்துக்கு.)

நம்மை ஏமாற்றியவர்கள் இந்தக் கலையின் பாதியை நம்மிடமே எடுத்துத்தான் ஏமாற்றினார்கள். அதைச் சொல்ல 2008க்கு வர வேண்டும்.

2008 ஒரு விசித்திரமான வருடம். செப்டெம்பரில் அமெரிக்காவில் லீமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது. ஏறக்குறைய அதே நாட்களில் நம் நாட்டில் சக்வித்தி ரணசிங்க என்ற பிரபல ஆங்கில டியூஷன் ஆசிரியர், மக்கள் வைப்பிலிட்ட காசோடு தலைமறைவானார். டிசம்பரில் கோல்டன் கீ நிறுவனம் சரிந்தது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் சுமார் 26 பில்லியன் ரூபா அதில் மாட்டிக்கொண்டது. சக்வித்தியை நம்பியவர்கள் ஆசிரியர் என்று நம்பினார்கள், கோல்டன் கீயை நம்பியவர்கள் சிலிங்கோ என்ற பெரிய பெயரை நம்பினார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், ஒக்டோபர் 31ஆம் திகதி, சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவர் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை இணையத்தில் வெளியிட்டார். அதுதான் பிட்கொய்ன். அவர் ஒருவரா பலரா என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. ஹதீஸ் கலையின் மொழியில் மஜ்ஹூல்.

ஆனால் அவர் சொன்னது சுவாரசியமானது. வங்கியை நம்பாதே, அரசாங்கத்தை நம்பாதே, என்னையும் நம்ப வேண்டாம். கணக்கு எல்லாருடைய கையிலும் இருக்கட்டும் என்றார். கடைக்காரரின் கடன் கொப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே கொப்பியின் பிரதி உலகம் முழுக்கப் பல்லாயிரம் கணினிகளில் இருக்கிறது. யாரும் தனியாக ஒரு பக்கத்தைக் கிழிக்க முடியாது, ஒரு வரியை அழிக்க முடியாது. பக்கத்தோடு பக்கம் கோர்த்திருப்பதால் அதற்குப் பெயர் பிளொக்செயின், கட்டச் சங்கிலி. 2009 ஜனவரி 3ஆம் திகதி அது ஓடத் தொடங்கியது. அந்தச் சங்கிலி ஏமாற்றவில்லை என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

அது எதைச் சரிபார்க்கிறது, எதைச் சரிபார்க்கவில்லை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தத் திறவுகோலிலிருந்து அந்தத் திறவுகோலுக்கு இவ்வளவு போனது என்பதை அது மலை போல் உறுதியாகச் சொல்லும். அந்தத் திறவுகோல் யார் கையில் இருக்கிறது, வாங்கியவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றுவாரா என்பதை அது கேட்பதே இல்லை. அனுப்பினால் போனதுதான். வங்கி முகாமையாளரிடம் ஓடி நிறுத்துங்கள் என்று சொல்ல வழியில்லை. ஆளை நம்பாமல் இருக்கச் செய்யப்பட்ட ஒன்று, கடைசியில் ஆளை மட்டுமே நம்ப வேண்டிய இடத்தில் மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தியது.

அதன் முதல் பலன் சீக்கிரமே தெரிந்தது. 2011இல் பிட்கொய்ன் ஆர்வலர்கள் கூடிப் பேசும் இணையத் தளம் ஒன்றில் ஒருவர் வந்தார். தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'பைரேட்அட்40'. பைரேட் என்றால் கடற்கொள்ளைக்காரன். பிட்கொய்னைத் தந்தால் வாரத்துக்கு 7 வீதம் தருவேன் என்றார். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துக் கூட்டு வட்டி பாருங்கள்: ஒரு இலட்சம் ஒரு வருடத்தில் 33 இலட்சத்தைத் தாண்டும். கொடுத்தவர்கள் படிக்காதவர்கள் அல்ல. வங்கிகளையே நம்பாத கணினிக்காரர்கள்! சிலர் எச்சரித்தார்கள்; ஆனால் முதலில் போட்டவர்களுக்கு ஒழுங்காகக் காசு வந்தது, அவர்கள் அவருக்காகச் சாட்சி சொன்னார்கள். 2012இல் கடை மூடப்பட்டது. ஆள் டெக்சாஸில் வாழ்ந்த டிரெண்டன் ஷேவர்ஸ். 2016இல் 18 மாதச் சிறை. புதியவர் காசைப் பழையவருக்குக் கொடுப்பது 1920இல் பொஸ்டன் நகரில் சார்ல்ஸ் பொன்சி செய்த வேலைதான். 45 நாளில் 50 வீதம் என்று அவர் சொன்னார். நூறு வருடமாக மாறாத ஒரே வியாபாரம் இது.

அடுத்து வந்தது வன்கொய்ன். 2014இல் தொடங்கியது. ருஜா இக்னாதோவா, ஒக்ஸ்போர்டில் சட்டம் படித்தவர், லண்டன் வெம்பிளி அரங்கில் ஆயிரக்கணக்கானோர் முன் மேடையேறினார். அந்த நாணயத்துக்குக் கட்டச் சங்கிலியே இருக்கவில்லை. யாரோ ஒருவரின் கணினியில் இலக்கங்களை ஏற்றிக் காட்டினார்கள், அவ்வளவுதான். 2017 ஒக்டோபரில் சோபியாவிலிருந்து ஏதென்ஸுக்கு விமானம் ஏறியவர், பிறகு காணவில்லை. 2022இல் அமெரிக்காவின் எப்.பி.ஐ. தேடும் முதல் பத்துப் பேரில் அவர் பெயர் வந்தது. போன காசு நான்கு பில்லியன் டொலருக்கு மேல். அது உலகம் முழுக்கப் பரவியது விளம்பரத்தாலல்ல. மைத்துனர், சாச்சி, பள்ளிக்கூட நண்பன் வழியாக.

இனி நம் கரை. 2021, 2022 ஞாபகம் இருக்கும். மத்திய வங்கி டொலரை 203 ரூபாவில் பிடித்து வைத்திருந்தது, உண்டியலில் அதைவிடக் கூட. 2022 மார்ச்சில் பிடியை விட்டதும் இரண்டு மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டது. ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை. சம்பளம் அதே சம்பளம், சாமான் இரட்டிப்பு விலை. கையிலிருக்கும் ரூபா கரைந்துகொண்டிருக்கும்போது "டொலரில் வருமானம்" என்று யாராவது சொன்னால் காது கொடுக்காமல் இருக்க முடியுமா? பேராசை என்று ஒரே சொல்லில் மக்களைத் திட்டுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. அந்த வருடம் பலர் தேடியது இலாபம் அல்ல, கரையாத ஒரு இடம்.

அந்த நேரத்தில்தான் ஸ்போர்ட்ஸ் செயின் வந்தது. பிறகு எம்.டி.எப்.இ. வந்தது. ஸ்போர்ட்ஸ் செயின் 2022இல் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வரை போனது. எம்.டி.எப்.இ. இன்னும் சாமர்த்தியம். செயற்கை நுண்ணறிவு உங்களுக்காக வியாபாரம் செய்கிறது என்றார்கள். வாரத்தில் ஐந்து நாள் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆள் சேர்ப்பவருக்கு ஒரு எண்ணிக்கை தாண்டினால் 'சீஈஓ' பட்டம். பங்களாதேஷின் கிராமங்களில்கூட இந்தச் சீஈஓக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். 2023 ஓகஸ்டில் ஒரே இரவில் எல்லாம் போனது. போனதோடு நிற்கவில்லை, பலருடைய கணக்கில் மறைக் குறியோடு ஒரு தொகை நின்றது, நீங்கள்தான் எங்களுக்குத் தர வேண்டும் என்று! காசையும் எடுத்துக் கடன்காரனாகவும் ஆக்கிய மோசடியை நான் வேறெங்கும் படித்ததில்லை. நமது மத்திய வங்கி அந்த வருடம் வெளியிட்ட தடை செய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் ஸ்போர்ட்ஸ் செயின், எம்.டி.எப்.இ., ஒன்மெக்ஸ் டீடி எல்லாம் இருந்தன. கிரிப்டோ பற்றிய எச்சரிக்கையை வங்கி 2018இலிருந்தே சொல்லி வந்தது. வங்கி அட்டையால் அதை வாங்க அனுமதியில்லை என்றும் 2021இல் சொன்னது. யார் வாசித்தோம்?

மச்சான் சொன்னதைத்தான் கேட்டோம். இங்கேதான் இஸ்னாத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. நமது ஊர்களில் இந்த 'அப்'களை முகம் தெரியாத சீனரோ வெள்ளைக்காரரோ வந்து விற்கவில்லை. சொன்னது மச்சான். மச்சானுக்குச் சொன்னது கட்டாரில் கூட வேலை செய்த காக்கா. அவர் தொழுகையாளி, நம்பிக்கையான ஆள், அவர் கையில் காசு வந்ததை மச்சான் கண்ணால் கண்டார். ஒவ்வொரு வளையமும் உண்மையானது, ஒவ்வொருவரும் தான் கண்டதை அப்படியே சொன்னார். "என்ன குடி, உம்மம்மா யார்" என்று கேட்டால் எல்லாருக்கும் பதில் இருந்தது. அந்தக் காக்காவுக்கு யார் சொன்னது? ஒரு டெலிகிராம் குழு. குழுவை நடத்துவது? ஒரு பெயர், ஒரு அழகான புகைப்படம். அங்கே சங்கிலி அறுந்து தொங்கியது. புகாரி இமாம் மேலே வரைக்கும் போய்த் தட்டிய சங்கிலியை நாம் முதல் வளையத்தோடு நிறுத்திவிட்டோம். மச்சானை நம்பலாமா என்று கேட்டோம். நம்பலாம் என்ற பதிலும் சரியானதே. கேள்விதான் பாதியில் நின்றது.

"அப்படியானால் மேலே இருப்பவர் யாரென்று தெரிந்தால் போதுமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். போதாது. பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனத்தை 2006இல் தொடங்கிய மன்சூர் கானை சிவாஜி நகர் முஸ்லிம்கள் எல்லாருக்கும் தெரியும். வட்டி இல்லை, ஹலால் பங்கு என்றார், மாதாமாதம் காசு வந்தது. 2019 ஜூனில் ஒரு குரல் பதிவை விட்டுவிட்டு டுபாய் போய்விட்டார். அடுத்த மாதம் டில்லியில் கைதானார். முறைப்பாடு கொடுத்தவர்கள் நாற்பதாயிரம் பேருக்கு மேல். விதவைகளின் காசு, பிள்ளைகளின் கல்யாணக் காசு. கிரிப்டோவிலும் அப்படித்தான்: 2022 நவம்பரில் விழுந்த எப்.டி.எக்ஸ். சந்தையின் சாம் பேங்க்மன்-பிரைட் முகமூடி போட்டவரல்ல. தாய் தந்தை பேராசிரியர்கள், பத்திரிகை அட்டையில் படம். வாடிக்கையாளரின் அடையாளத்தையெல்லாம் ஒழுங்காகக் கேட்டு வாங்கிய நிறுவனம் அது. அவருக்கு 2024இல் 25 வருடச் சிறை. ஆள் யார் என்பது முதல் கேள்வி மட்டும். காசு எங்கே போகிறது, கணக்கை யார் பார்க்கிறார், பிழைத்தால் யார் முன்னால் அவர் பதில் சொல்ல வேண்டும் என்பது அடுத்தவை. இதற்குத்தான் மரைக்காயர் இருந்தார். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வையுங்கள் என்று சொல்லும் பகரா 282ஆம் வசனம்தான் குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பது நாம் மத்ரசாவில் படித்ததுதானே.

இப்போது இன்னொரு பக்கம். அவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது, ஆனால் நாம் யாரென்று அவர்களுக்குத் தெரியும். "சரிபார்க்க வேண்டும்" என்று சொல்லி அடையாள அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், அதைக் கையில் பிடித்தபடி ஒரு செல்பி கேட்கிறார்கள். 1972இலிருந்து இந்நாட்டில் கொடுக்கப்படும் அட்டை அது. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் அதை நீட்டி நீட்டியே நமக்குக் கேட்டால் கொடுத்துப் பழகிவிட்டது. அந்த இலக்கத்தில் பிறந்த வருடம் இருக்கிறது, வருடத்தின் எத்தனையாவது நாள் என்று இருக்கிறது, பெண் என்றால் அதனோடு 500 கூட்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு வகுப்பில் இதைக் கணக்காகவே கொடுக்கலாம். அந்தப் படத்தை வைத்து உங்கள் பெயரில் இன்னொருவர் கணக்குத் திறக்க முடியும். அதைவிட மோசமானது கணக்கை வாடகைக்குக் கேட்பது. "தம்பி, உங்கட கணக்குக்குக் கொஞ்சக் காசு வரும், எடுத்து இதுக்கு மாத்தி அனுப்புங்க, கமிஷன் தாறம்" என்று. வேறொருவரை ஏமாற்றிய காசு அது. பொலிஸ் தேடி வரும்போது கட்டச் சங்கிலியில் இருப்பது ஒரு இலக்கம், வங்கியில் இருப்பது அந்தத் தம்பியின் பெயர். உயர்தரம் முடித்துப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளிடம்தான் இதைக் கேட்கிறார்கள்.

மறுமுனையில் இருப்பவர் எப்போதும் மகிழ்ச்சியான திருடர் என்றும் நினைக்காதீர்கள். அன்பாகப் பேசி, மாதக்கணக்கில் நம்பிக்கை வளர்த்து, கடைசியில் கிரிப்டோவில் போடச் சொல்லும் முறைக்குச் சீன மொழியில் வைத்த பெயர் 'பன்றி அறுப்பு': கொழுக்க வைத்து அறுப்பது. மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இந்த வேலைக்குக் கட்டாயமாக அடைத்து வைக்கப்பட்டிருக்கலாம் என்று 2023இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. கணினி வேலை, தாய்லாந்து என்று நம்பிப் போன இலங்கைப் பிள்ளைகளும் மியாவடி முகாம்களில் மாட்டி, மீட்டு வரப்பட்டிருக்கிறார்கள். 2024 ஒக்டோபரில் இதே தொழிலுக்காக நம் நாட்டில் தங்கியிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட சீன நாட்டவர் கைதானார்கள். குண்டசாலையில் ஒரு ஹோட்டலையே எடுத்திருந்தார்கள். உங்களுக்கு "குட் மோர்னிங் டியர்" அனுப்பும் கை, கட்டிப்போட்ட கையாகவும் இருக்கலாம்.

கடைசியாக ஒரு விடயம், இது நம் ஊர்ப் பிரச்சினை. பிரமிட் திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, ஊக்குவிப்பதும் விளம்பரம் செய்வதும் வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவின்படி குற்றம். லிங்கைப் பகிர்ந்து பத்துப் பேரைச் சேர்த்த மச்சானும் அதற்குள் வருவார். இது எல்லாருக்கும் உள்ளூரத் தெரியும். அதனால்தான் நகையை அடகு வைத்துப் போட்ட சகோதரி முறைப்பாடு செய்வதில்லை. செய்தால் முதலில் பிடிபடுவது மறுமுனையில் இருப்பவரல்ல, மாமியின் மகன். அவரும் தன்னுடையதை இழந்தவர். பெருநாளைக்கு இரண்டு வீடும் பேசிக்கொள்வதில்லை, ஆனால் பொலிஸுக்கும் போவதில்லை. குடி முறை கொடுத்த பழைய பிடி இன்று மேலே உள்ளவரைப் பிடிக்க உதவாமல், பக்கத்தில் உள்ளவரின் வாயை மட்டும் மூடி வைத்திருக்கிறது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது என்று நினைக்கிறேன். சேர்த்தவரும் சேர்ந்தவரும் ஒன்றாகப் போய் முறைப்பாடு கொடுப்பது. சேர்த்தவர் தன்னைச் சேர்த்தவரின் பெயரைச் சொன்னால், அவர் தனக்கு மேலே உள்ளவரைச் சொன்னால், சங்கிலி மேல் நோக்கி நீளும். பள்ளிவாசல் நிருவாகங்கள் இரண்டு வீட்டையும் கூப்பிட்டு வைத்து இதைச் செய்து கொடுக்கலாம். இதைவிடச் சின்னப் பிரச்சினைக்கெல்லாம் கூப்பிட்டு வைத்திருக்கிறோமே. ஒரு சட்டத்தரணியையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

போகும்போது 'அப்'பை அழித்துவிட்டுப் போகாதீர்கள். வெட்கத்தில் பலர் செய்வது அதைத்தான். உரையாடல்களின் ஸ்கிரீன்ஷொட், காசு போட்ட வங்கிச் சீட்டு, அனுப்பிய வொலட் முகவரி, ஒவ்வொரு அனுப்புதலுக்கும் வந்த அந்த நீண்ட எழுத்தும் இலக்கமும் கலந்த குறி, எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி, அச்சடித்தும் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான கட்டச் சங்கிலியில் போன காசு என்றால் அந்தக் குறியை யாராலும் அழிக்க முடியாது. 2016இல் பிட்பைனெக்ஸ் சந்தையிலிருந்து 1,19,754 பிட்கொய்ன் திருடப்பட்டது. ஆறு வருடம் கழித்து, 2022 பெப்ரவரியில், அந்தக் குறிகளைப் பின்தொடர்ந்து போன அமெரிக்க அதிகாரிகள் நியூயோர்க்கில் ஒரு கணவனையும் மனைவியையும் கைது செய்தார்கள். 94,000க்கும் மேற்பட்ட பிட்கொய்ன் திரும்பக் கிடைத்தது.